இப்னு பதூதாவின் நோன்பு: புத்தளத்தில் வந்திறங்கிய விருந்தாளி

நோன்பு மாதம் பிறந்துவிட்டால் கல்கிசையில் நான் குடியிருக்கும் மாடிவீட்டுப் படிகளில் பின்னேரம் ஐந்தரை மணிக்கே கஞ்சி வாசம் ஏறத் தொடங்கிவிடும். கீழ்வீட்டில் இருப்பவர் யாழ்ப்பாணம் சோனகதெருவைப் பிறப்பிடமாகக் கொண்ட ஒரு ராத்தா. பாங்கு சொல்லப் பத்து நிமிடம் இருக்கையில் மூடி போட்ட பாத்திரம் ஒன்று என் கதவடிக்கு வரும். நான் நோன்பு பிடிப்பவன் அல்ல என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தனியாக இருக்கும் பொடியன் அந்த நேரத்தில் என்ன சாப்பிடுவான் என்பதுதான் அவருடைய கவலை.

ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது ராத்தாவுக்கு ஒன்பது வயது. வளர்ந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டில் முகாமில். போன நோன்பில் ஒருநாள், ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன்னர் இப்னு பதூதா என்ற உலகப் பயணி இலங்கையில் முதன்முதலில் கால் வைத்த இடம் புத்தளம்தான் என்று அவரிடம் சொன்னேன். அங்கே அவரை வரவேற்றது யார் என்று கேட்டார். யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு படியிறங்கினார். இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

தனியாகப் புறப்பட்டவர்

இப்னு பதூதா 1304 பெப்ரவரி 25ஆம் திகதி மொரோக்கோவின் தான்ஜியர் நகரில் பிறந்தவர். நீதிபதிகளையும் சட்ட அறிஞர்களையும் தந்த குடும்பம். 1325 ஜூன் மாதத்தில், 21ஆவது வயதில், மக்காவுக்கு ஹஜ் செய்யவென்று வீட்டைவிட்டுக் கிளம்பினார். கூட வர ஒரு தோழன்கூட இருக்கவில்லை. பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். அவர்களைப் பிரிந்தது தனக்கும் அவர்களுக்கும் பெரிய துயரம் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஒன்றரை இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்பதுதான் அந்தக் காலத்து ஹஜ் யாத்திரிகர்களின் கணக்கு. அவர் ஊர் திரும்பியது 24 ஆண்டுகள் கழித்து.

வழியிலேயே காய்ச்சல் பிடித்தது. நின்று குணமாகிப் போகும்படி சொன்னார்கள். சாவு வருவதாயின் மக்காவை நோக்கிய பாதையில் வரட்டும் என்று மறுத்துவிட்டார். விழுந்துவிடாமல் இருப்பதற்காகத் தலைப்பாகைத் துணியால் தன்னைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணம் செய்தார். துனிஸ் நகரத்தைப் போய்ச் சேர்ந்தபோது ஊர்மக்கள் வெளியே வந்து தத்தமக்குத் தெரிந்தவர்களுக்கு சலாம் சொல்லி அழைத்துப் போனார்கள். இவருக்கு சலாம் சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை. தாங்க முடியாமல் அழுதுவிட்டார். அதைக் கவனித்த ஒரு யாத்திரிகர் பக்கத்தில் வந்து சலாம் சொல்லி, நகரத்துக்குள் போகும்வரை பேச்சுக்கொடுத்தபடியே கூட வந்தார்.

அந்த ஆண்டு நோன்பில் ஒரு பகுதி பாதையிலேயே கழிந்தது. பெருநாள் துனிஸில் வந்தது. வீட்டைவிட்டு வந்த பிறகு அவருக்குக் கிடைத்த முதல் பெருநாள் அது. ஊர்மக்கள் புதுத்துணி உடுத்துத் தொழுகைத் திடலுக்குத் திரண்டபோது அவரும் போய்க் கூட்டத்தில் நின்றார். பெருநாளோ பொங்கலோ, அகதியாகப் போன ஊரில் முதலாவது வருடம் கொண்டாடியவர்களுக்கு அந்த நிற்பு எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

எவரும் தனியே நோன்பு திறப்பதில்லை

இஸ்லாமியச் சட்டப்படி பயணியொருவர் நோன்பை விடலாம்; விட்டதைப் பின்னர் பிடித்து ஈடுசெய்யவேண்டும். முப்பது ஆண்டுகள் பயணத்தில் இருந்தவருக்கு இது எத்தனையோ தடவை பொருந்தியிருக்கும். ஆனாலும் அவருடைய நூலைப் படிக்கையில் நோன்பு மாதம் வந்த இடங்கள் தனியாகத் தெரிகின்றன. எகிப்தின் அப்யார் என்ற சிற்றூரில் பிறை பார்க்கும் நாளில் காழியாரின் வீட்டில் பெரியவர்கள் கூடுவார்கள். பின்னேரத்தில் எல்லோரும் வாகனங்களில் ஏறி ஊருக்கு வெளியே உள்ள மேட்டுக்குப் போவார்கள். ஆண், பெண், பிள்ளைகள் எல்லோரும் பின்னால் போவார்கள். பிறை கண்ட பிறகு மெழுகுவர்த்தியும் பந்தமும் விளக்குமாகத் திரும்பி வருவார்கள். அந்த ஊர்வலத்தில் அவரும் ஒரு தடவை கலந்துகொண்டார்.

டமஸ்கஸ் நகரத்துக்கு அவர் வந்தது 1326 ஓகஸ்ட் 9ஆம் திகதி, நோன்பு ஒன்பதாம் நாள். கல்விக்கூடம் ஒன்றில் தங்கினார். அந்த நகரத்தைப் பற்றி அவர் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: அங்கே நோன்பு மாதத்தில் எவரும் தனியாக நோன்பு திறப்பதில்லை. அதிகாரிகளும் காழிமாரும் நண்பர்களையும் ஏழைகளையும் அழைத்து உணவு கொடுப்பார்கள். வியாபாரிகளும் அப்படியே. அழைப்பதற்கு வசதி இல்லாதவர்களும் நாட்டுப்புறத்தவர்களும் ஒவ்வொரு இரவும் ஒருவர் வீட்டிலோ பள்ளிவாசலிலோ கூடி, அவரவர் கொண்டுவந்ததை ஒன்றாக வைத்துச் சாப்பிடுவார்கள்.

அங்கே நூருத்தீன் ஸகாவி என்ற ஆசிரியர் இந்த இளைஞரை ஒவ்வொரு இரவும் தன் வீட்டில் நோன்பு திறக்கும்படி அழைத்தார். நான்கு இரவு போனார். பிறகு காய்ச்சல் வந்து போகவில்லை. ஆசிரியர் ஆளனுப்பித் தேடினார். சாக்குப்போக்கு எதையும் ஏற்றுக்கொள்ளாமல் வீட்டுக்கு வரவழைத்து, வைத்தியரைக் கூப்பிட்டு, பெருநாள் வரைக்கும் வைத்துப் பார்த்தார். கையிலிருந்த காசு முடிந்துபோனது தெரிந்ததும் ஒட்டகம் வாடகைக்குப் பிடித்து, வழிச்சாப்பாடும் மேலதிகப் பணமும் கொடுத்து ஹஜ்ஜுக்கு அனுப்பிவைத்தார். முன்பின் தெரியாத ஒருவருக்கு.

அதே நகரத்தில் அறநிலையச் சொத்துகளின் வருமானத்தில் என்னென்ன செய்தார்கள் என்பதையும் அவர் பட்டியலிடுகிறார். ஹஜ்ஜுக்குப் போக முடியாதவர்களுக்காகப் போகிறவர்களுக்கு, ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு, கைதிகளை மீட்பதற்கு, வழிப்போக்கர்களுக்கு என்று வெவ்வேறு நிதிகள். உடைந்த பாத்திரங்களுக்கென்றும் ஒரு நிதி இருந்தது. வீதியில் ஒரு அடிமைச் சிறுவன் எசமானின் சீனக் களிமண் தட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டு நின்றான். பக்கத்தில் நின்றவர்கள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அந்த நிதிப் பொறுப்பாளரிடம் கூட்டிப்போனார்கள். புதுத் தட்டு வாங்கக் காசு கிடைத்தது. எசமானிடம் அடி வாங்காமல் பையன் தப்பினான்.

பிறகு மக்கா, ஈராக், யெமன், கிழக்காபிரிக்கா, துருக்கி, மத்திய ஆசியா. 1333இல் சிந்து நதியை அடைந்தார். டில்லியில் முகமது பின் துக்ளக்கின் கீழ் காழியாக ஆண்டுகள் சில இருந்தார். வாரிக் கொடுப்பதிலும் தலையை எடுப்பதிலும் பெயர்போன சுல்தான் அவர். ஒரு கட்டத்தில் இப்னு பதூதாவின் மீதும் சந்தேகம் விழுந்து காவல் போடப்பட்டது. தப்பியது அருந்தப்பு. பின்னர் அதே சுல்தான் அவரைச் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் புயலடித்துக் கப்பல்களும் பரிசுப்பொருட்களும் கடலோடு போயின. வெறுங்கையுடன் டில்லிக்குத் திரும்பப் பயந்து, கடைசியில் மாலைதீவுக்குக் கப்பலேறினார்.

மாலைதீவில் ஒரு நோன்பு

கல்கிசைக் கடற்கரையில் நின்று மேற்கே, கொஞ்சம் தெற்காகப் பார்த்தால், அந்தத் திசையில்தான் மாலைதீவு இருக்கிறது. எங்கள் சமையலறைகளில் சம்பலுக்கு இடிக்கிற மாசி அங்கிருந்து வருவது. அவித்து, புகைபோட்டு, காயவைத்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்புகிறார்கள் என்று அவர் அன்றைக்கே குறித்துவைத்தார். அந்தத் தீவுகளை அப்போது ஆண்டது கதீஜா என்ற அரசி. நிருவாகம் அவருடைய கணவரான முதலமைச்சர் ஜமாலுத்தீனின் கையில்.

இப்னு பதூதா தான் யாரென்று காட்டாமல் இருக்கப் பார்த்தார். அந்தத் தீவுகளில் படித்த காழிக்குத் தட்டுப்பாடு. தெரிந்தால் போகவிடமாட்டார்கள் என்பது அவருடைய பயம். அந்தப் பயம் உண்மையானது. இலங்கையிலிருந்து ஒரு கப்பல் வந்தது. அதில் பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டு வந்த அரபு, பாரசீக பக்கீர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இவரைத் தெரியும். டில்லியின் காழி இவர்தான் என்று அமைச்சரின் ஆட்களிடம் சொல்லிவிட்டார்கள்.

1344 தொடக்கத்தில் நோன்பு வந்தது. முதல் பிறையன்றே அமைச்சரிடமிருந்து அழைப்பு. மாளிகையில் அதிகாரிகளும் பிரதானிகளும் குழுக்குழுவாக அமர்ந்து நோன்பு திறந்தார்கள். சோறு, கோழி, நெய், மீன், உப்புக்கண்டம், அவித்த வாழைப்பழம். அதன் பிறகு வாசனைச் சரக்குகள் கலந்த தென்னம்பாணி. எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு அதிகம் தூரமில்லாத சாப்பாடு.

சில நாட்கள் கழித்து, மலையேறிவிட்டு வந்த அந்த பக்கீர்களுக்கு ஒரு விருந்து வைக்க அமைச்சரிடம் அனுமதி கேட்டார். அனுமதியோடு ஐந்து ஆடுகளும் வந்தன. மாலைதீவில் ஆடு அருமையான பொருள். தமிழகக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் ஆபிரிக்காவின் மொகடிஷுவிலிருந்தும் கப்பலில் வரவேண்டும். கூடவே அரிசி, கோழி, நெய், சரக்குகள். இன்னொரு அமைச்சர் தன் வீட்டில் சமைப்பித்து, தன் பங்குக்கும் சேர்த்து, விரிப்புகளும் பித்தளைப் பாத்திரங்களும் அனுப்பினார். முதலமைச்சரும் தானே வந்து அமர்ந்தார். வந்த பிரதானிகள் ஒவ்வொருவரும் தைக்காத துணியொன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். கிட்டத்தட்ட நூறு துணிகள் சேர்ந்தன. அவையெல்லாம் பக்கீர்களுக்கு. சாப்பாட்டுக்குப் பின் குர்ஆன் ஓதல். பிறகு பக்கீர்கள் பாடி ஆடினார்கள். மூட்டி வைத்திருந்த தீயில் இறங்கி மிதித்தார்கள். சிலர் தணலை எடுத்துத் தின்பண்டம் போல வாயில் போட்டார்கள். தீமிதிப்பைக் கண்டு வளர்ந்த எமக்கு அந்தக் காட்சி அந்நியமானதல்ல.

ஆனால் அந்த விருந்தாளியை ஒரு புனிதராக நாம் ஆக்கத் தேவையில்லை. நோன்பு முடிந்து கொஞ்ச நாளில் அவர் காழியானார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வராதவர்களுக்குக் கசையடி கொடுத்தார். களவெடுத்தவனின் கையை வெட்டச் சொன்னபோது சபையில் இருந்த தீவுமக்கள் சிலர் மயங்கி விழுந்தார்கள். மேலாடை அணியாத பெண்களை மூடவைக்கப் பார்த்தார்; அது மட்டும் முடியவில்லை. ஒரே நேரத்தில் நான்கு திருமணங்கள் செய்துகொண்டார். அவரிடம் அடிமைகளும் இருந்தார்கள். கடைசியில் அமைச்சரோடு பகை வந்தது. 1344 ஓகஸ்டில் தீவை விட்டுக் கிளம்பினார். போன இடத்தில், தன்னை நோன்பு திறக்க அழைத்த அதே தீவுகளின் மீது படையெடுக்க மதுரைச் சுல்தானோடு சேர்ந்து திட்டம் போட்டார். உண்ட வீட்டுக்கே இரண்டகம். சுல்தான் செத்துப்போனதால் அது நடக்கவில்லை.

புத்தளத்துத் தமிழ் மன்னர்

மாலைதீவிலிருந்து அவர் போக நினைத்தது தமிழகக் கரைக்கு. காற்றுத் திசைமாற்றிக் கப்பலை இலங்கைக்குக் கொண்டுவந்தது. ஒன்பது நாள் பயணத்தின் பின், புகைத்தூண் போல வானத்தில் எழுந்து நின்ற மலையைக் கண்டார்கள். சிவனொளிபாதமலை. கரையை அடைந்தபோது மாலுமிகள் இறங்கப் பயந்தார்கள். இது ஆரியச்சக்கரவர்த்தியின் துறை, அவருடைய கப்பல்கள் கடலில் கொள்ளையடிப்பவை என்றார்கள். ஆனால் காற்று பலமாக இருந்தது. கடலில் நிற்கவும் முடியாது.

இப்னு பதூதா தனியே இறங்கிப் போனார். பத்தாலா என்று அவர் எழுதிய ஊரைப் புத்தளம் என்றே ஆய்வாளர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். ஊரைச் சுற்றி மரவேலி, மரக் காவற்கோபுரங்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் கரையெல்லாம் குவிந்து கிடந்தன. யாழ்ப்பாண இராச்சியத்தின் ஆரியச்சக்கரவர்த்தி அப்போது அங்கே இருந்தார். முத்துக்குளிப்பு நடந்துகொண்டிருந்தது, அதிகாரிகள் முத்துகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மன்னர் எழுந்து வந்து வரவேற்றுப் பக்கத்தில் இருத்தினார். உன்னுடைய ஆட்கள் பயமின்றி இறங்கலாம், போகும்வரை என் விருந்தாளிகள் என்று உறுதி கொடுத்தார். மன்னருக்குப் பாரசீகமொழி விளங்கும். மூன்று நாட்கள் நாடுகளைப் பற்றியும் அரசர்களைப் பற்றியும் இருவரும் பேசினார்கள்.

என்ன வேண்டும், கூச்சப்படாமல் கேள் என்றார் மன்னர். இந்தத் தீவுக்கு வந்தபின் ஒரேயொரு ஆசைதான், பாவா ஆதமின் பாதத்தைப் பார்க்கவேண்டும் என்றார் பயணி. மன்னர் பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் கொடுத்தார். ஆண்டுதோறும் மலைக்குப் போய்வருகிற நான்கு யோகிகள், மூன்று பிராமணர், வேறு பத்துத் துணையாட்கள், சாப்பாடு சுமக்கப் பதினைந்து பேர். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவரைச் சைவ மன்னர் ஒருவர், யோகிகளையும் பிராமணர்களையும் துணையாக்கி, சிங்கள மன்னரின் நாட்டின் வழியே, பௌத்தர்கள் புத்தரின் பாதம் என்று வணங்குகிற மலைக்கு அனுப்பிவைத்தார். அந்தப் பாதம் சைவர்களுக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது.

கப்பல் தலைவரோ, பயணி திரும்பி வரும்வரை, ஒரு வருடம் ஆனாலும் பாய் விரிக்கமாட்டேன் என்றிருந்தார். அப்படியானால் அதுவரை அவரும் என் விருந்தாளி என்றார் மன்னர்.

சிலாபம் வழியாகப் போன அந்தக் கூட்டம், சங்கிலிகளைப் பிடித்து மலையேறி, பாதத்தைத் தரிசித்து, தெற்கே தெவிநுவரவுக்கு இறங்கியது. அங்கே பெருங்கோயிலில் ஆயிரம் அளவில் பிராமணரும் யோகிகளும் இருந்ததாகவும், ஒவ்வொரு இரவும் ஐந்நூறு பெண்கள் சுவாமிக்கு முன் பாடி ஆடியதாகவும் எழுதினார். அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். காலியில் இப்ராஹிம் என்ற மாலுமியின் வீட்டில் விருந்து. அங்கிருந்து கொழும்புக்கு. இன்று காலி வீதியும் ரயில் பாதையும் ஓடுகிற இந்தக் கரையோரமாகத்தான், கல்கிசை, வெள்ளவத்தைப் பக்கமாகத்தான் வந்திருக்கவேண்டும். கலன்பு என்று அவர் எழுதிய கொழும்பு, இத்தீவின் அழகான பெரிய நகரங்களில் ஒன்று. ஜலஸ்தி என்ற கடலதிகாரி ஐந்நூறு அபிசீனிய வீரர்களுடன் அங்கே இருந்தார். மூன்று நாளில் புத்தளம் திரும்பினார். கப்பல் காத்திருந்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டவர்

அடுத்து நடந்தவைதான் போரைக் கண்ட எமக்கு வாசிக்கக் கடினமானவை. தமிழகக் கரைக்கருகே கப்பல் சேதமானது. கரையோர மக்கள் வள்ளத்தில் வந்து காப்பாற்றினார்கள். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் தம்கானி, ஒருவகையில் இவருக்குச் சகலன்; இருவரும் அக்கா தங்கையை மணந்தவர்கள். காட்டு வழியே படை நகர்ந்தபோது பிடிபட்ட இந்துக் குடிமக்களை, முனை சீவிய மரங்களை அவர்களையே சுமக்கவைத்து, மறுநாள் அந்த மரங்களிலேயே கழுவேற்றினார்கள். பெண்களும் பிள்ளைகளும் தப்பவில்லை. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஒரு மனிதனையும் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்து, அங்கேயே தலைகளை வெட்டச் சொன்னார் சுல்தான். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன. இன்னொருநாள் ஒரு கைதியின் கைகால்களை வெட்ட உத்தரவு வந்தபோது, தொழப்போவதாகச் சொல்லி எழுந்துவிட்டார். சுல்தானுக்குக் காரணம் விளங்கிவிட்டது. சிரித்தார்.

முகத்தைத் திருப்பியவர் பின்னர் அதை எழுதவும் செய்தார். இப்படியொரு கேவலமான செயலை வேறெந்த அரசரும் செய்து தான் அறியவில்லை என்றும், இதற்காகவே இறைவன் அந்தச் சுல்தானின் சாவை விரைவுபடுத்தினான் என்றும் பதிவுசெய்தார். கொன்றவர் தன்னுடைய மதத்தவர், தன்னுடைய உறவினர், தனக்குச் சோறு போட்டவர். கொல்லப்பட்டவர்கள் அவருக்கு அந்நியர்கள். ஆயினும் எழுதினார். அதே ஆள் அதே சுல்தானோடு மாலைதீவுப் படையெடுப்புக்கும் திட்டம் போட்டார் என்பதையும் மறைக்காமல் அவரே எழுதினார். தன்னுடைய பக்கத்தின் குற்றத்தைத் தானே எழுதுவது 14ஆம் நூற்றாண்டிலும் எளிதல்ல, இன்றைக்கும் எளிதல்ல.

மதுரையில் கொள்ளைநோய் பரவி இரண்டு மூன்று நாளில் ஆட்கள் செத்தார்கள். சுல்தானும் போனார். கடல்வழியே திரும்பும்போது மேற்குக் கரையில் பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் வளைத்தன. ஆரியச்சக்கரவர்த்தி கொடுத்த முத்துக்களும் மணிகளும் உட்பட எல்லாம் போயின. மிஞ்சியது உடுத்திருந்த கால்சட்டை மட்டும். அந்தக் கோலத்தில் கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். ஒரு மார்க்க அறிஞர் அங்கி அனுப்பினார், காழி தலைப்பாகை அனுப்பினார், வியாபாரி ஒருவர் இன்னொரு அங்கி அனுப்பினார். அதன் பிறகுதான் வங்காளம், சுமாத்திரா, சீனா.

வீடு திரும்புதல்

1348இல் டமஸ்கஸுக்கு மீண்டும் வந்தார். இருபது வருடங்களுக்கு முன் அங்கே விட்டுப்போன மகன் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். தான்ஜியர்க்காரர் ஒருவரிடமிருந்து தகப்பனின் மரணச் செய்தியும் கிடைத்தது. அவர் இறந்து பதினைந்து வருடமாகியிருந்தது. தாய் இருக்கிறார் என்றார்கள். ஊரை நெருங்கியபோது, தாயையும் கொள்ளைநோய் கொண்டுபோய்விட்ட செய்தி வந்தது. அவரால் முடிந்தது தாயின் கபுறடிக்குப் போனது மட்டும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு தொலைபேசியில் செத்தவீடு கேட்டவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அந்த 1348 கோடையில் டமஸ்கஸில் அவர் கண்ட ஒரு நோன்பையும் சொல்லவேண்டும். கொள்ளைநோயில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் நோன்பிருக்கும்படியும், பகலில் கடைத்தெருவில் எவரும் சமைக்கக்கூடாது என்றும் ஆளுநர் உத்தரவிட்டார். நோன்பு முடிந்து வெள்ளிக்கிழமை விடிய, பெரிய பள்ளிவாசலில் கூடியிருந்தவர்கள் குர்ஆனை ஏந்தி வெறுங்காலுடன் நடந்தார்கள். யூதர்கள் தங்களுடைய வேதத்துடன் வந்தார்கள். கிறிஸ்தவர்கள் தங்களுடைய நற்செய்தி நூலுடன் வந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் கூட. எல்லோரும் அழுதபடி நகருக்கு வெளியே ஒரு பள்ளிவாசலுக்குப் போனார்கள். அதன் பெயர் பாதச்சுவடுகளின் பள்ளிவாசல். அங்கேயும் ஒரு கல்லில் ஒரு பாதம். மூஸா நபியுடையது என்று நம்பினார்கள்.

பின்னர் ஸ்பெயினுக்கும், சகாராவைக் கடந்து மாலி நாட்டுக்கும் போய்வந்தார். மொரோக்கோ சுல்தானின் கட்டளைப்படி தன் பயணங்களை இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளரிடம் சொல்லி எழுதுவித்தார். 1355 டிசம்பரில் நூல் முடிந்தது. நினைவிலிருந்து சொன்னதால் திகதிகள் குழம்பியிருக்கின்றன; சில இடங்களுக்கு அவர் போனாரா என்றே ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். மாலைதீவு, இலங்கைப் பகுதிகளை அல்பர்ட் கிரே ஆங்கிலத்தில் பெயர்த்து 1882இல் கொழும்பில் வெளியிட்டார். இப்னு பதூதா கடைசிக் காலத்தில் மொரோக்கோவிலேயே காழியாக இருந்து, 1368 அல்லது 1369இல் காலமானார்.

இரண்டு மணி நேரம்

புத்தளத்துக்குத் திரும்பி வருவோம். ஆரியச்சக்கரவர்த்தியின் அரசு போய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி நடந்தது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். நகைகளும் பணமும் வீதியிலேயே பறிக்கப்பட்டன. பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். தமிழ் மன்னர் ஒருவர் முஸ்லிம் பயணியொருவருக்குப் பல்லக்குக் கொடுத்த அதே மண்ணுக்கு, தமிழ் பேசும் முஸ்லிம்கள் தமிழர்களால் துரத்தப்பட்டு வந்து சேர்ந்தார்கள்.

துரத்தப்படுவது என்றால் என்னவென்று எமக்குத் தெரியாததல்ல. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்த வீடுகள் எங்களுடையவை. அன்று உயிர் தப்பியவர்களில் பலர் சிங்கள, முஸ்லிம் அயலவர்களின் அறைகளுக்குள் ஒளித்திருந்தவர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பின் லொட்ஜ்களிலிருந்து 300க்கு மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கும் உடுப்பெடுக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்தக் காலையைப் பற்றி நாங்கள் எழுதினோம், பேசினோம், இன்னமும் பேசுகிறோம். 1990 ஒக்டோபரைப் பற்றி அதேயளவு நாங்கள் பேசியதில்லை. எங்கள் இழப்பு பெரியது என்பது உண்மை. அந்த இழப்பைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது என்பதும் உண்மை.

இப்னு பதூதாவை நான் வாசிப்பது அவர் நல்லவர் என்பதற்காக அல்ல. நோன்பு மாதத்தில் அந்நியனுக்கு ஒரு தட்டு கூடுதலாக வைத்தவர்களின் பெயர்களையும், சாப்பாட்டு நேரத்தில் தலை வெட்டியவரின் பெயரையும் ஒரே நூலில் அவர் எழுதிவைத்தார் என்பதற்காக. எங்களுடைய கணக்கேட்டிலும் இரண்டும் இருக்கவேண்டும். கப்பல் தலைவரை எவ்வளவு காலமானாலும் விருந்தாளியாக வைத்திருக்கிறேன் என்ற மன்னரும் நாங்கள்தான். இரண்டு மணித்தியாலம் கொடுத்தவர்களும் நாங்கள்தான்.

சோனகதெருவுக்குக் கொஞ்சப் பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள். ராத்தா ஒருமுறை போய்ப் பார்த்தார். வீட்டின் சுவர் மட்டும் நின்றதாம், உள்ளே மரம் முளைத்திருந்ததாம். இந்த நோன்பிலும் கஞ்சிப் பாத்திரம் மேலே வருகிறது. இரவல் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லுவார். ஊரிலிருந்து வந்த பனங்கட்டி கொஞ்சம் இருந்தது. கழுவித் துடைத்த பாத்திரத்துக்குள் அதை வைத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்த ராத்தா, இது எந்தப் பக்கத்துப் பனங்கட்டி என்று கேட்டார். சொன்னேன். படியில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்து வீதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.